பாக்கெட் அக்காவுக்கு நாங்கள் செய்த உபகாரம்

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்காரரைப் பாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சட்டைப் பாக்கெட் மட்டுமே தைத்தவர். காலருக்கு ஒருத்தி, கைக்கு ஒருத்தி, பாக்கெட்டுக்கு இவர். முழுச் சட்டையை அங்கே யாருமே தைத்ததில்லை.

தொழிற்சாலையை மூடியதும் அக்காவின் கை சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அன்பாகச் சட்டை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கும் ஒன்று வந்தது. பாக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் இடது கையைத் தூக்கினால் வலது தோளும் கூடவே கிளம்பியது.

"எப்படிப்பா இருக்கு?"

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குக்கா" என்றேன். அளவெடுத்துத்தான் தைத்திருந்தார், பாவம்.

நாங்கள் நல்லவர்கள். யார் மனதையும் நோகடிக்க மாட்டோம். எதிர்வீட்டு நர்ஸ், மேல்மாடி வாத்தியார், நான், எல்லோரும் அவர் தைத்ததைப் போட்டுக்கொண்டு அக்கா கண்ணில் படும்படி படியிறங்குவோம். நான் அலுவலகக் கழிவறையில் சட்டையை மாற்றிக்கொள்வேன். கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் மட்டும் முகத்தில் அடித்தாற்போல, "கை ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. பிரிச்சுத் தைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஈவு இரக்கமில்லாத மனுஷன் என்று மாடிப்படியில் நின்று அரைமணி நேரம் அவரைக் கிழித்தோம்.

அந்தச் சமயம் வேறொரு தொழிற்சாலையிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். வீட்டில் அவர் சம்பாத்தியம் ஒன்றுதான். ஞாயிறு காலை என்னிடம் வந்தார்.

"வேலைக்குப் போகட்டுமா, தையல் கடை போடட்டுமா? நீ சொல்லுப்பா."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். "உங்க கைராசிக்குக் கூட்டம் அள்ளும்க்கா. கடையே போடுங்க." ஏதோ புண்ணியம் செய்த திருப்தியில் அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

தெருமுனையில் கடை திறந்தது. வந்தவர்கள் தைத்ததைப் போட்டுப் பார்த்து, மேஜையில் விட்டெறிந்துவிட்டுப் போனார்கள். இரண்டே மாதத்தில் அக்கா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பின்சந்து வழியாக நடக்கப் பழகிக்கொண்டோம். அவரை அந்தக் கோலத்தில் பார்க்க மனசு தாங்கவில்லை, அவ்வளவு இளகிய மனசு எங்களுக்கு.

எலக்ட்ரீஷியன் தன் சட்டையை விடுவதாக இல்லை. வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பார். "இன்னும் இழுக்குது. பிரிங்க." அக்கா அழுதுகொண்டே பிரிப்பார். ஒரே சட்டையைப் பதினோரு தடவை பிரித்துத் தைத்தார். அதற்கடுத்த தடவை தோள் படிந்தது.

இப்போது கடையில் நிற்க இடமில்லை. நானும் வெட்கத்தை விட்டு ஒரு துணியோடு போனேன். அக்கா அளவு நாடாவை என் கழுத்தில் சுற்றினார்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்க்கா..."

"யாரு மனசு?" என்று கேட்டுவிட்டு, நாடாவை இறுக்கிப் பிடித்து, பதினைந்தரை என்று எழுதிக்கொண்டார்.