ஆடிய உருளை

எனக்கு எட்டு வயதில், என் அப்பா என் தாய்மாமனைச் சுடுவதாக இருந்தார்.

நாச்சியாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கண்மாய்த் தண்ணீரில் தொடங்கிய சண்டை முற்றிப்போய், மறுநாள் காலையில் மடையைத் தானே திறக்கப்போவதாகவும் தடுக்கிறவனைச் சுடுவதாகவும் அப்பா ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். மாமாவும் தடுக்க வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்.

ரங்கூனில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய ரிவால்வர் அப்பாவிடம் இருந்தது. பல வருடம் பெட்டியில் கிடந்ததை எடுத்துப் பார்த்தால், குண்டு போடுகிற உருளை லொடலொடவென்று ஆடியது. காரைக்குடிக்கு வண்டி அனுப்பி, பூட்டு வேலை செய்கிற ஆசாரியை வரவழைத்தார்.

ஆசாரி முதலில் ஆறு துளைகளும் காலியா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார். துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியை இழுத்து நிறுத்தி, உருளையை இரண்டு விரலால் அசைத்தார்.

“முன்னும் பின்னும் ஆடுது. பக்கவாட்டுலயும் ஆடுது, நிறுத்துற நாக்கு தேஞ்சிருக்கு. இப்படியே சுட்டீகன்னா குண்டு குழலுக்கு நேராப் போகாது. உங்க கையத்தான் வாங்கும்.”

“இன்னைக்கே சரியாகணும்” என்று சொல்லிவிட்டு அப்பா கொல்லைப்பக்கம் போனார்.

நான் எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பார்த்தேன். அச்சை உருவினார். பித்தளைத் தகட்டில் மெல்லிய வில்லை ஒன்றை வெட்டி, அரம் போட்டு, அச்சில் கோத்தார். தேய்ந்த நாக்கை மெல்லத் தட்டி நீட்டி, உருளையின் பள்ளத்துக்குப் பொருந்த ராவினார். மறுபடி பூட்டி அசைத்துப் பார்த்தபோது உருளை கல்லாக நின்றது. அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“நாளைக்கு மடையில நிக்கப்போறது என் கூடப்பொறந்தவன்” என்றாள். உடனே உள்ளே போய்விட்டாள்.

ஆசாரி மோரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு அச்சை உருவி வில்லையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். நாக்கின் நுனியில் இரண்டு இழுப்பு அரம் போட்டார்.

அப்பா வந்ததும், “ஆகலைங்க அய்யா. மதுரையிலருந்து சாமான் வரணும். பத்து நாளாகும்” என்றார்.

அப்பா வாங்கி அசைத்தார். பழையபடி ஆடியது.

“பொய் சொல்றாருப்பா. நல்லா ஆயிருச்சு, இவருதான் திரும்பக் கழத்திட்டாரு. வில்லை மடியில இருக்கு” என்றேன்.

ஆசாரியின் கை மடிக்குப் போனது. அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். அப்பா ஆசாரியின் முகத்தைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கையை நீட்டி ‘எடு’ என்றால் போதும்; அவர் எடுத்துக் கொடுத்திருப்பார்.

“இந்தக் கழுதைக்குப் பொய் சொல்றதே பொழப்பு” என்றார் அப்பா. “சாமான் வரட்டும் ஆசாரி. மெதுவாச் செய்யிங்க.”

துப்பாக்கி பழுது, மடைக்கு இப்போது வருவதற்கில்லை என்று மாமாவுக்கு ஆள் போனது. பத்து நாளுக்குள் பெரியவர்கள் கூடி, ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் என்று பேசி முடித்தார்கள்.

ஆசாரி வந்துபோன அன்று மதியம் அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கண்ணால் கண்டதைச் சொல்லிப் பொய்க்காரியான நான், பட்டினியாக மூலையில் அழுதுகொண்டிருந்தேன். ஏமாற்றப்பட்ட மனிதருக்கு எங்கிருந்து அவ்வளவு பசி வந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை.