கூக்கால் கேரட்டும் செல்வராணியும்

செல்வராணியின் தம்பி போன் செய்தபோது நான் பழனியில் என் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அக்கா வெள்ளனே போயிட்டாங்கண்ணே. இன்னைக்கே எடுக்குறோம்" என்றான். அவளுக்கு உடம்பு தேறாது என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்கள் வரிசையாக நின்றன. நான் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, வாசலில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பல வருடம் ஒரே அறையில் அவளோடு வேலை பார்த்தவன், முகத்தைப் பார்க்கவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. பேசுவதைக் 'கதைப்பது' என்பாள். கேலி செய்தால், "உனக்கு விளங்கிச்சுதானே, பிறகென்ன?" என்று சிரிக்காமல் கேட்பாள்.

ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. மேல்மலை கிராமங்களில் காய்கறி வாங்கும் ஒரு மொத்த வியாபாரிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒவ்வொரு ஊரின் எடை நிலையத்திலும் ஒரு கணினி. டெலிபோன் லைன் வழியாக அது கொடைக்கானல் சர்வரோடு பேசும். விவசாயியின் சரக்கு தராசில் ஏறியதும் சர்வர் தன் நினைவகத்தில் அவருக்கென்று ஒரு பதிவைத் திறக்கும். ஊர் முழுவதும் எடை முடிந்த பிறகு லாரிக்குத் தகவல் போகும். வேலை முடிந்த பதிவுகளைக் கழிக்காமல் விட்டால் நினைவகம் நிரம்பி சர்வர் நின்றுவிடும். அதற்காக, கிராமத்துக் கணினி 'இன்னும் வேண்டும்' என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால், அங்கே யாரும் இல்லை என்று எடுத்துக்கொண்டு சர்வர் பதிவைக் குப்பையில் தள்ளிவிடும். எங்கள் தொழிலில் இதைக் கார்பேஜ் கலெக்ஷன் என்போம்.

மழைக்காலம் வந்தது. அந்தக் கிராமங்களில் ஒன்றான கூக்காலுக்குப் போகும் லைன் அறுந்து அறுந்து வந்தது. ஒருநாள் அந்த ஊரில் எடை போட்ட கேரட் முழுவதையும் சர்வர் கழித்துவிட்டது. சரக்கு இல்லை என்று லாரி கூக்காலுக்கு வரவே இல்லை. கழுவிக் கட்டிய மூட்டைகள் மழையில் கிடந்து அழுகின. ஊர்க்காரர்கள் சிலர் பஸ் பிடித்து வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். "கம்ப்யூட்டர் பெட்டியில ஏத்தியாச்சுன்னு சொன்னாங்க. ஏத்துனது எங்கங்க போச்சு? மூட்டையெல்லாம் ரோட்டுல கெடக்கு" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

சர்வர் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினோம். மதியத்துக்குள் நினைவகம் நிரம்பி எல்லா ஊரும் நின்றது. குறைத்தோம். மறுபடியும் கூக்கால் காணாமல் போனது. கூட்டுவதும் குறைப்பதுமாகவே அந்த மழைக்காலம் போயிற்று. யாருக்கும் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. செல்வராணி மட்டும் ஒருநாள் கூக்காலுக்குப் பஸ் ஏறினாள். மழை விடாத இரண்டு நாள் அங்கேயே தங்கி, எடை நிலையத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருமலோடு திரும்பி வந்தாள்.

அந்த வாரம் வியாபாரி நேரில் வந்தார். எங்கள் மேலாளர் அவரிடம், "கூக்கால் எடை நிலையத்துல இருக்குற பாண்டி நடுவுல மிஷினை அணைச்சுடுறாருங்க. ஆளை மாத்துனா சரியாயிடும்" என்றார். அதில் உண்மையில்லை என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வியாபாரி, "அப்ப அவரை அனுப்பிடுறேன்" என்றார்.

"அவர் அணைக்கலைங்க" என்றாள் செல்வராணி. "நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். லைன்தான் போகுது. லைன் கதைக்கலைன்னா ஆளே இல்லைன்னு நாங்கதான் எழுதி வச்சிருக்கோம். தப்பு எங்க புரோகிராம்ல."

"ராணி, கொஞ்சம் வெளிய இரு" என்றார் மேலாளர்.

"இருக்கேன் சார். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்."

வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். எடை போட்டதை நினைவகத்தில் காத்திருக்க விடாமல், போட்ட உடனே அழியாதபடி ஹார்டு டிஸ்கில் எழுதும்படி மாற்றினாள். சர்வர் கழிக்கலாம் என்று விட்டது திரைக்கு வேண்டிய தற்காலிகப் பதிவுகளை மட்டும். லைன் திரும்பி வந்தால் கிராமத்துக் கணினி தன் பெயரைச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடரும். "எழுதி வைக்க வேண்டியதை ஞாபகத்துல வச்சுட்டு, மறந்துபோச்சுன்னு சர்வரைத் திட்டுறோம்" என்றாள். அடுத்த மழையிலும் லைன் அறுந்தது. லாரி கூக்காலுக்குப் போனது.

மேலாளர் அவளை மன்னிக்கவில்லை. புதிய வேலைகள் எல்லாம் மற்றவர்களுக்குப் போயின; பழைய புரோகிராம்களைப் பழுது பார்ப்பது மட்டும் அவளுக்கு. நான் பழனிக்கு வேறு வேலைக்கு வந்துவிட்டேன். அன்று பேசியதால் உனக்கு என்ன கிடைத்தது என்று ஒருமுறை கேட்டேன். "படுத்தா தூக்கம் வருது" என்றாள். ஆனால் அப்போது அவள் முகம் மிகவும் களைத்திருந்தது.

அடக்கம் முடிந்த அன்று அவள் வீட்டு வாசலில் கடைசி நாற்காலியில் ஒருவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். கூக்கால் பாண்டி என்று தம்பி சொன்னான். இப்போதும் அதே எடை நிலையத்தில்தான் இருக்கிறாராம். "எங்க ஊருக்கு வந்து மழையில உக்காந்திருந்தாங்க. அப்புறம் பெட்டி ஒழுங்கா ஓடுச்சு. எனக்கு அவ்வளவுதாங்க தெரியும்" என்றார். தன் வேலை போக இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. வியாபாரி வந்த நாளில் நடந்ததை நான் சொன்னேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேங்க அந்தம்மா" என்றார்.

சொல்லியிருக்க மாட்டாள். ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டு, அதை அவர் காதுக்குக்கூடக் கொண்டுபோகாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மௌனத்தைத்தான். அதை அன்று பாண்டியிடம் உடைத்தது சரியா என்று அவளைக் கேட்க வழியில்லை.