பிள்ளை தோற்கவேண்டுமென்று ஒரு நேர்த்தி

போன வெள்ளிக்கிழமை எங்கள் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். வைத்த நேர்த்தி நிறைவேறியதற்காக அல்ல. நிறைவேறாமல் போனதற்காக!

கேட்டதைக் கொடுக்காத சாமிக்கு யாராவது தேங்காய் உடைப்பார்களா? கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

என் மகள் யதுஷா மல்யுத்த வீராங்கனை என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஐம்பத்து மூன்று கிலோப் பிரிவு. மூன்று கிழமைக்கு முன் வெளிநாட்டில் அவளுடைய முதல் சர்வதேசப் போட்டி. லிங்கநகர் வீட்டில் நாங்கள் இருவரும் லாப்டொப்புக்கு முன்னால். நான் கதிரையில். மனைவி நின்றபடி — மகளின் ஒரு போட்டியையும் அவள் இருந்து பார்த்ததில்லை.

முதலாவது ஆட்டம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எதிராளி காலைப் பிடித்துச் சாய்த்தாள். மகள் மல்லாந்துவிட்டாள்.

இரண்டு தோளும் ஒன்றாகத் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. படாமலிருக்க என்ன செய்வார்கள்? தலையையும் கால்களையும் ஊன்றி, உடம்பைப் பாலம்போல வளைத்துத் தூக்குவார்கள். மேலே இன்னொரு ஐம்பத்து மூன்று கிலோ... அவ்வளவு பாரமும் கழுத்தில்!

"விடாத பிள்ளை! தோளைத் தூக்கு!" மனைவி கத்துகிறாள்.

எனக்கோ அந்தக் கழுத்து மட்டும்தான் தெரிந்தது. பிறந்த அன்று அவளை என் கையில் தந்தபோது தாதி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கழுத்தைத் தாங்கிப் பிடியுங்கோ." இருபத்தொரு வருடமாக அது என் காதில் இருக்கிறது.

கண்ணை மூடினேன். 'பிள்ளையாரே, தோள் பட்டிடவேணும். தோத்தாலும் பரவாயில்லை, இப்பவே முடியவேணும். உனக்கொரு தேங்காய்!'

ஆமாம். பெற்ற மகள் தோற்கவேண்டும் என்று நேர்த்தி வைத்த தகப்பன் நான்.

கண்ணைத் திறந்தால்... பாலம் அப்படியே நிற்கிறது. நடுங்குகிறது, ஆனால் சரியவில்லை. ஒரு உதறல் — புரண்டு குப்புற வந்துவிட்டாள்! ஐந்துக்குச் சைபர் என்று பின்னால் நின்றவள், கடைசியில் ஆறுக்கு ஐந்து என்று வென்றாள். அடுத்த ஆட்டத்தில் தோற்றாள், பதக்கம் இல்லை. இருக்கட்டும்.

என் நடுக்கம்தான் நிற்கவில்லை. எங்கள் ஊர்த் துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் திடுக்கிடுகிறேன். தேத்தண்ணிக் கோப்பை சாசரில் தாளம் போடுகிறது.

வீடு திரும்பிய மகள் அதைக் கவனித்துவிட்டாள். "என்னப்பா, கை ஏன் இப்பிடி நடுங்குது?"

மறைத்து வைத்திருக்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. சொல்லிவிட்டேன். இனி இவள் என் முகத்தைப் பார்த்துக் கதைப்பாளா என்ற பயத்தோடுதான் சொன்னேன்.

"நான் தோக்கவேணுமெண்டோ நேர்த்தி வைச்சனீங்கள்?"

"ஓம் பிள்ளை..."

குசினிக்குள் இருந்து மனைவி அகப்பையோடு வந்தாள். "பாரடி கொப்பரிண்ட வேலையை! நான் இஞ்ச தொண்டை கிழியக் கத்துறன், இவர் பக்கத்தில இருந்து மற்றப் பக்கத்துக்குக் கும்பிட்டிருக்கிறார்!"

 மகள் விரலை மடித்து எண்ணத் தொடங்கினாள். "அந்தப் பிள்ளை ஒண்டு. அவளிண்ட அப்பாவும் அவளுக்காகக் கும்பிட்டிருப்பார், அவர் ரெண்டு. என்ர அப்பா மூண்டு. அப்ப நான் தனிய நிண்டு மூண்டு பேரையெல்லோ வெண்டிருக்கிறன்!"

சிரித்தாள். என் கையை எடுத்துத் தன் பின்கழுத்தில் வைத்தாள். "அமத்திப் பாருங்கோ."

அமத்தினேன்.

"இன்னும்."

பாலைமரக் கட்டைபோல இருந்தது. எப்போது இப்படி ஆனது? நான் தாங்கிப் பிடித்த கழுத்துத்தானா இது?

"இதை நம்பித்தான் அப்பா நான் விழுறனான்."

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் மனைவி விடவில்லை. "கேட்டதைக் குடுக்காதவருக்கு என்னத்துக்குத் தேங்காய்?"

"கேட்டதைக் குடுக்காததுக்குத்தான்" என்றேன்.

தேங்காயை உடைத்தது மகள். ஒரே அடி. என் கை இன்னும் நடுங்குகிறதே!