பிரேக் அக்கா

கோல் விழுந்துவிட்டது. பெஞ்சில் இருக்கும் பெற்றோர் எல்லாம் எழுந்து கூத்தாடுகிறார்கள். பிரேக் அக்கா மட்டும் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் பார்ப்பது கோட்டோரம் நிற்கும் கோச்சின் முகத்தை. "யாரு போட்டது?" என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பதுகூட, கோச் வாயை மூடிய பிறகுதான்.

எங்கள் கால்பந்துக் கழகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கோச்சுகள் இருக்கிறார்கள். அந்தக் கோச்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அக்கா. பிழைப்புக்கு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில், தனக்கென்று தனி பிரேக்கை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்த கால் அது. மைதானத்திலும் சும்மா இருப்பதில்லை. கோச் தப்பான நேரத்தில் வாயைத் திறந்தால் அக்காவின் வலது கால் தரையை அழுத்தும். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் புல் முளைப்பதையே விட்டுவிட்டது. ஒரு விளையாட்டுக்காரியின் அப்பா என்ற தகுதியில் நானும் பெஞ்சில் உட்காருகிறேன். என் வாயும் லேசுப்பட்டதல்ல. அந்தக் கால் எனக்காகவும் ஒன்றிரண்டு முறை அழுந்தியிருக்கிறது.

யாரையும் "நீ செய்தது தப்பு" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் கோச்சைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடப்பார். பயிற்சி அடையாளத்துக்கு வைத்த பிளாஸ்டிக் கூம்புகளை இருவரும் பொறுக்கிக்கொண்டே பேசுவார்கள்.

"இன்னிக்கு என்ன பாத்தீங்க?"

கோச் பந்து போன வழியை எல்லாம் ஒப்பிப்பார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பந்தை விடுங்க. அந்த ஒல்லிப் புள்ள காலால உதைக்கிறதுக்கு முந்தி உங்க மூஞ்சியப் பாக்குதே, அதப் பாத்தீங்களா?" என்பார். அவ்வளவுதான். மீதி நடை முழுக்கக் கோச்தான் பேசுவார். "அக்காகிட்ட போனா அவங்க திட்ட மாட்டாங்க. நம்மளே நம்மள நல்லாத் திட்டிக்கிட்டுத் திரும்பி வரலாம்" என்று ஒரு கோச் என்னிடம் அலுத்துக்கொண்டார். அடுத்த வாரமும் முதல் ஆளாக அவர்தான் கூம்பு பொறுக்கப் போனார்.

என் மகள் ஆடும் பெண்கள் அணியின் கோச், கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் சாயக்காரர். சாரத்தின் உச்சியில் நின்று, கீழே இருப்பவனிடம் டப்பா கேட்டுக் கேட்டு வளர்ந்த தொண்டை. "லெஃப்ட்டு! லெஃப்ட்டு! ஏய், கண்ணு எங்க இருக்கு!" என்று அவர் ஆரம்பித்தால் எதிரணிப் பிள்ளைகளும் சேர்ந்து இடதுபக்கம் ஓடும். தங்கமான மனுஷன், ஆட்டம் தொடங்கினால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

அணியின் கோல்கீப்பர் அவர் மகளேதான். போன மாதம் ஒரு பந்தைக் கோட்டைவிட்டதற்கு அவர் போட்ட சத்தத்தில், அந்தப் பெண் அடுத்த பந்தைப் பார்க்காமல் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவும் உள்ளே போனது. ஆட்டம் முடிந்ததும் நேரே அக்காவிடம் வந்தாள். "அடுத்த மேட்ச்ல அப்பா இன்னொரு வாட்டி கத்தினா கிளவுஸைக் கழட்டி அவர் கையிலயே குடுத்துடுவேன். அப்புறம் நான் ஆட மாட்டேன்." அழவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்குக் கூம்பு பொறுக்கும்போது சாயக்காரர்தான் முதலில் பேசினார். "அவ போயிடுவா மேடம். எனக்குத் தெரியும். என் வாய நான் என்ன பண்றது?"

"வாய்க்கு ஒண்ணும் பண்ண வேணாம்ணே. கால கட்டுவோம். நீங்க எந்திரிச்சு நின்னாத்தான் கத்துறீங்க. உக்காந்து கத்தி நான் பாத்ததே இல்ல."

அடுத்த பயிற்சியிலிருந்து அவருக்கு ஆசனம் ஒரு கால்பந்து. எழுந்தால் பந்து உருண்டு ஓடும். ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடி உட்காருவதற்குள் கத்த நினைத்தது மறந்துவிடும். முதல் நாள் அந்தப் பந்தை அவர் துரத்திய துரத்தலில் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இந்த வயசுல என்னைப் பந்து பொறுக்க வெச்சிட்டீங்களே மேடம்!" என்று மூச்சிரைத்தார். அக்கா ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு, "நல்லா ஓடுறீங்கண்ணே, டீம்ல சேந்துக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை மேட்ச். சாயக்காரர் பந்தின் மேல். அவருக்குப் பின்னால் அக்கா, வழக்கம்போல மைதானத்துக்கு முதுகு காட்டி அல்ல. அன்றைக்கு அவர் ஆட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். கோச்சின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கே இல்லை என்று நினைக்கிறேன்.

ஒன்றுக்கு ஒன்று சமமாக இருந்தபோது, சப்பையான ஒரு பந்து சாயக்காரர் மகளின் கைக்குள் வந்து, நழுவி, கோட்டைத் தாண்டியது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு முழங்கால்களையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடியில் இருந்த பந்து அசையவில்லை.

அவள் கை கிளவுஸின் மணிக்கட்டுப் பட்டைக்குப் போனது. பட்டையை அவிழ்த்தாள். பிறகு இழுத்து, முன்னைவிட இறுக்கமாக ஒட்டினாள். வலையிலிருந்து பந்தை எடுத்து எறிந்துவிட்டு, தன் தடுப்பாட்டக்காரிகளைப் பார்த்து, "லெஃப்ட்ல ஆளே இல்ல, யாராச்சும் போங்கடி!" என்று ஒரு சத்தம் போட்டாள். சாரத்தின் உச்சிக்கே கேட்டிருக்கும். சந்தேகமே வேண்டாம், அப்பனின் தொண்டை.

எங்கள் பிள்ளைகள் ஒன்று திருப்பிப் போட்டுச் சமன் செய்தார்கள். கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர். சாயக்காரர் மகள் கோல் கோட்டிலிருந்து இரண்டடி முன்னால் வந்து நின்றிருந்தாள். பந்து உயர்ந்தது. அக்காவின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. "பின்னால போ—" என்று கையை வீசிக்கொண்டு அவர் மைதானக் கோட்டை நோக்கிப் பாய்ந்தே விட்டார்.

சாயக்காரர் திரும்பவில்லை. உட்கார்ந்தபடியே காலருகில் கிடந்த இன்னொரு பந்தைக் குதிகாலால் மெல்லப் பின்பக்கம் தட்டிவிட்டார். அது உருண்டு போய் அக்காவின் காலடியில் நின்றது. அக்கா வாயை மூடிக்கொண்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.