பலராமண்ணன் வண்டியில் பிணம் ஏறியதில்லை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நிற்கும்போது செய்தி வந்தது. மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்காக என் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து நாலு கூடைப் பூவை ஏற்றிக்கொண்டிருந்தேன். நம் வண்டிக் கூட்டத்துக் காதர் பாய் போனில் கூப்பிட்டார்.

“அண்ணே, எங்க இருக்கீக?”

“பூ மார்க்கெட்ல.”

“அப்ப ஒரு ரோஜா மாலையும் வாங்கிருங்க. பெருசா வாங்குங்க. பலராமண்ணன் மவுத்தாயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாராம்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மாலைக்காரனிடம் எரிந்து விழுந்தேன். நாலு மாதமாக என்னை ‘மிஸ்டர்’ என்று கூப்பிட்டுக் கொன்ற மனுசன், அதைத் திருத்தாமல் போய்விட்டாரே என்ற கோபம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. தீராமலேயேதான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாவதை இரண்டு தடவை படித்ததால் ஒன்பதாவது என்று சொல்லிக்கொள்வதுண்டு. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

நம் கூட்டத்து ஆட்களுக்கு எல்லாம் தெரியும். வீட்டில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். காரின் முதுகை இழுத்து நீட்டி, டிக்கி இருக்கவேண்டிய இடத்தில் கூரையும் கண்ணாடியும் ஐந்தாவதாக ஒரு கதவும் வைத்தால் அதுதான் ஸ்டேஷன் வேகன். மதுரையைச் சுற்றி நம்மிடம் ஐம்பது வண்டி இருப்பதாக வெளியூரில் சொல்லி வைத்திருக்கிறேன். நமக்குள் என்ன, ஏழு வண்டி. அந்த ஏழுக்கும் தலை, பலராமண்ணனின் பாலாடை நிற வண்டி. மகால் பக்கத்துச் சந்தில் சௌராஷ்டிரக் குடும்பம் அவருடையது. சேலை வியாபாரம். பொதி ஏற்ற வாங்கிய வண்டியைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். அது கிளம்ப மறுத்தால் அதனிடம் வீட்டு மொழியில் பேசுவார். எங்களிடம் கோபித்தால் தமிழ்.

அவரை முதலில் பார்த்தது பழங்காநத்தத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில். உசிலம்பட்டியிலிருந்து முப்பதே நிமிடத்தில் ஓட்டி வந்திருந்தேன். அதை நம்ப ஆளில்லாமல் நின்றபோது, பக்கத்தில் என் வண்டியைப் போலவே இன்னொரு நீள முதுகு. அவர் இறங்கி வந்து நேரம் கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. “தம்பி, வண்டியத் திருப்பி நிறுத்துங்க” என்றார்.

“ஏண்ணே?”

“மூஞ்சி எல்லாக் காருக்கும் ஒண்ணுதான. நமக்கு முதுகுதான் மூஞ்சி. அதச் சனங்களுக்குக் காட்டி நிறுத்தணும்.”

அன்றைக்குப் பிடித்த வழக்கம். நாகமலை அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது ஏழு வண்டியும் முதுகை உள்பக்கம் காட்டி வட்டமாக நிற்கும். பின்கதவுகளைத் தூக்கிவிட்டு, ஜமக்காளம் விரித்து, அவரவர் வண்டியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பருத்திப்பால் குடிப்போம். அவர் வண்டியின் பின்கதவு மட்டும் தானாக நிற்காது. ஒரு மூங்கில் கம்பை முட்டுக் கொடுப்பார். புதுசு மாற்றச் சொன்னால், “எனக்கும் மூட்டு வலிதான், என்னைய மாத்திட்டீங்களா?” என்பார்.

நம் வண்டிகளுக்கு ஒரு சாபம் உண்டு. ஒரு காலத்தில் இந்த வாகுள்ள வண்டிகளில்தான் நோயாளிகளை ஏற்றினார்கள், இறந்தவர்களைக் கொண்டுபோனார்கள். அதனால் எங்கே நிறுத்தினாலும் ஒருவன் வந்து பிணத்தைப் பற்றி விசாரிப்பான். பழங்காநத்தம் சிக்னலில் ஒருநாள் பைக்கில் வந்த ஒருவன் கண்ணாடியைத் தட்டி, “பெருசு, இதுல எம்புட்டுப் பொணம் ஏத்திருக்கீக?” என்று கேட்டான். நானாக இருந்தால் இறங்கி அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். பலராமண்ணன் நிதானமாக, “பின்னாடி ஏறி உக்காந்து பாருங்க. உசுரோட இருக்கீங்களா இல்லையான்னு தெரிஞ்சிரும்” என்றார். அவன் பைக்கை ஓரங்கட்டிவிட்டு நிஜமாகவே ஏறிக்கொண்டான். தெப்பக்குளம் வரை வந்து, எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு இறங்கினான். டீ நான் சேர்த்தது. ஏறியது சத்தியம்.

இனி, நாலு மாதத்துக்கு முன்னால் நடந்த அந்தக் கண்காட்சி. தல்லாகுளம் பக்கத்து மைதானத்தில் பழைய கார்களுக்கென்று விழா நடத்தினார்கள். கமிட்டியின் பெயரை எழுதி அவர்களைப் பெரிய ஆளாக்க எனக்கு விருப்பமில்லை. பந்தலுக்குள், கார்பெட் மேல், மினுமினுக்கிற வண்டிகள். நம் ஏழு வண்டிக்கும் இடம் கொடுத்தது ஜெனரேட்டர் பக்கத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில். அது போதாதென்று, கழுத்தில் பட்டை மாட்டிய கமிட்டிக்காரர் வந்து, முகத்தை முன்னால் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“ஸார், எல்லாக் காரும் ஃப்ரண்ட் காட்டித்தான் நிக்குது.”

“மூஞ்சி பாக்கணும்னா பொண்ணு பாக்கப் போங்க ஸார்” என்றார் பலராமண்ணன். திருப்பவில்லை. ஏழு வண்டியும் முதுகைக் காட்டியே நின்றன.

ஆனால் மதியம் வரை ஒரு ஆள் நிற்கவில்லை. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டி அவசரமாகப் போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன். அண்ணன் சாப்பிடப் போன நேரம் அவர் வண்டிக்கு முன்னால் நின்று குரலை உயர்த்தினேன். ஒரு பெரிய ஜமீன்தாரின் கடைசி ஊர்வலம் இந்த வண்டியில்தான் நடந்தது, பின்னால் நாற்பது மாட்டுவண்டி வந்தது, யானை வந்தது, அந்த யானை பின்கதவில் துதிக்கையை வைத்து அழுதது, கீறல் கூட இருக்கிறது பாருங்கள் என்றேன். கீறல் சேலைப் பொதி இழுத்தது. கூட்டம் அள்ளியது. செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காதர் பாய் என் காதில், “அண்ணே, யானைய விட்டுருங்க, தாங்காது” என்றார். நான் கேட்கவில்லை. யானைக்குப் பெயரும் வைத்தேன்.

அரை மணி நேரத்தில் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். வைப்பருக்கு அடியில் ‘ஜமீன் அமரர் ஊர்தி’ என்று கொட்டை எழுத்தில் தாள் செருகிவிட்டார்கள். சாயங்காலம் சிறப்புப் பரிசு என்று பலராமண்ணனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் ஏறினார். கோப்பையை வாங்கவில்லை. மைக்கை வாங்கினார்.

“என் வண்டியில பொணம் ஏறல. என் மக பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தது இந்த வண்டியிலதான். அதுக்கு ஒரு கப்பு வச்சிருந்தா குடுங்க, வாங்கிக்கிறேன்.”

சனம் சிரித்தது. கமிட்டிக்காரரும் சிரித்தார். ஒருவருக்கும் அதில் சுவாரசியம் இல்லை. உயிரோடு வந்த பிள்ளையைவிட செத்துப்போன ஜமீன்தார் இவர்களுக்கு உசத்தி! அந்த ஜமீன்தாரைப் பெற்றவனே நான்தான் என்பது வேறு விஷயம். அண்ணன் இறங்கி வந்து, வைப்பரிலிருந்த தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

“அந்தக் கதையில யானை எதுக்கு, மிஸ்டர் பெரியகருப்பன்?”

இருபது வருசமாகத் தம்பி. அந்த நிமிடத்திலிருந்து மிஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்திப்பாலை நீட்டும்போதும், “எடுத்துக்குங்க மிஸ்டர்.” திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லித் தீர்த்திருப்பேன். மரியாதை கொடுத்தே என்னை வெளியில் நிறுத்தினார்.

போவதற்குப் பத்து நாள் முன்னால் அவரே போன் செய்தார். “மிஸ்டர் பெரியகருப்பன், ஒரு வேலை இருக்கு. நான் போனா, இவங்க என்னைய என் வண்டியிலதான் ஏத்தப் பாப்பாங்க. ஏத்தக் கூடாது. முதப் பொணமா நானே ஏறி, அந்தத் தாள்ல எழுதுனத நெசமாக்க மாட்டேன். நீங்க கெளப்பிவிட்ட கதை. நீங்கதான் நிறுத்தணும்.” நான், “இன்னும் நூறு வருசம் இருப்பீகண்ணே” என்றேன். “அதுவும் சேத்துச் சொல்றதுதான்” என்று வைத்துவிட்டார்.

ரோஜா மாலையோடு நான் சந்துக்குள் நுழைந்தபோது அந்தக் கமிட்டிக்காரர் எனக்கு முன்னால் வந்திருந்தார். ஜெனரேட்டர் பக்கம் நிறுத்திய அதே ஆள். கையில் ஃபிளெக்ஸ். அதில் பலராமண்ணன் படம், கீழே ‘ஜமீன் ஊர்தியின் நாயகன்’. பாலாடை வண்டியின் பின்கதவைத் தூக்கி, மூங்கில் கம்பை முட்டுக் கொடுத்து, உள்ளே மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். காதர் பாய்தான் முன்னே நின்று கட்டிக்கொண்டிருந்தார். நம் ஆட்கள் எல்லோருக்கும் சம்மதம். அவரவர் கண்ணில் தண்ணீர். வீடியோ எடுக்க ஒருவன் மாடியில் ஏறியிருந்தான். அமரர் ஊர்தி வேனை வேண்டாமென்று சொல்ல ஒருவர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

“நிறுத்துங்கய்யா!” என்று கத்தினேன். “அண்ணன் இதுல ஏறக் கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காரு.”

கமிட்டிக்காரர் சிரித்தார். “யானை சொல்லுச்சா ஸார்?”

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். சாவு வீட்டில். என்னைப் பார்த்து. காதர் பாய் என் தோளைப் பிடித்து, “அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க” என்றார். வாழ்க்கையில் நான் உண்மை பேசிய நாட்கள் அதிகமில்லை. பேசிய அன்றைக்கு நம்ப ஒரு நாய் இல்லை. கமிட்டிக்காரர் மேல் வந்த கோபத்தைவிட இருபது மடங்கு என் மேலேயே வந்தது. அந்த ஜமீன்தார் பொய், யானை பொய், நான்தான் கட்டினேன் என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அதையும் நம்பவில்லை. கடைசியில் மாலையைக் கீழே வைத்துவிட்டு, மல்லிகைச் சரத்தை விலக்கி, வண்டியின் பின்பக்கம் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணனை ஏற்றுங்கள் என்றேன்.

ஒரே மகள் உமா வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. “சித்தப்பா, அப்பாவுக்கு வண்டின்னா உசுரு. அதுலயே போகட்டுமே” என்றாள்.

“உனக்குத் தெரியாதும்மா. பத்து நாளைக்கு முன்ன போன் பண்ணாரு.”

“நீங்க சொல்றதுல பாதியத்தான் எடுத்துக்கணும்னு அப்பாவே சொல்வாரு.” பிறகு கேட்டாள். “அன்னிக்கு அப்பா உங்கள என்னன்னு கூப்பிட்டாரு?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது ‘தம்பி’ என்று. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லிவிட எனக்கு அவ்வளவு ஆசை. கேட்க அவரும் இல்லை.

“மிஸ்டர் பெரியகருப்பன்னுதாம்மா” என்றேன்.

உமா கமிட்டிக்காரர் பக்கம் திரும்பினாள். “ஸார், ஃபிளெக்ஸைச் சுருட்டுங்க. காதர் மாமா, வேன் வரட்டும்.” அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பொய்யா இருந்தா தம்பின்னுல்ல சொல்லியிருப்பீங்க” என்றாள்.

வேன் வந்தது. அதில் அண்ணன் ஏறினார். கொள்ளி வைக்க வேண்டியவள் உமா. அவள் பாலாடை வண்டியின் பின்பக்கம் ஏறி, பின்கதவு திறந்திருக்க, பின்னால் பார்த்து உட்கார்ந்தாள். பிறந்து வீட்டுக்கு வந்த அதே வண்டி. காதர் பாய் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். நான் ஓட்டினேன். நாங்கள் முன்னால், வேன் பின்னால். வழி நெடுக அவள் அப்பாவைப் பார்த்தபடியே வந்தாள். கண்ணாடியில் எனக்கு அது தெரிந்தது. முதுகுதான் மூஞ்சி என்று அவர் சொன்னது எதற்கென்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. மதுரையில் அவ்வளவு மெதுவாக, ஒரு குலுக்கல் இல்லாமல், முதல் கியரிலேயே ஓட்ட என்னைத் தவிர ஆள் கிடையாது. இதைச் சேர்த்துச் சொல்லவில்லை. அவரே ஒருமுறை சொன்னது.

நண்பர்களே, ஏழு வண்டியும் இனிமேலும் முதுகைக் காட்டித்தான் நிற்கும். பிணம் ஏற்றியதா என்று எவனாவது கேட்டால், ஏறி உட்காரச் சொல்லுங்கள். அடுத்த கண்காட்சியில் பாலாடை வண்டிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லப் போவது நான்தான். பிறந்த பிள்ளை வீட்டுக்கு வந்த கதை மட்டும். அதற்குக் கூட்டம் வராவிட்டால் ஜெனரேட்டருக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அவருடைய வண்டி உமாவிடம் இருக்கிறது. மூங்கில் கம்பு காதர் பாயிடம். எனக்கென்று இருப்பது ‘மிஸ்டர்’ ஒன்றுதான். இதை எழுதும்போது, கடைசிப் போனில் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதாக எழுதிவிடக் கை எத்தனை தடவை துடித்தது என்பது எனக்குத்தான் தெரியும். கூப்பிடவில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.