அப்பாவின் 'வாக்கே' தீவு

எங்கள் அன்பு அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அழ வேண்டியதெல்லாம் போன ஆண்டே அழுது முடித்துவிட்டேன். இப்போது மிஞ்சியிருப்பது கோபம். அதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது.

அப்பா நெடுந்தீவில் பிறந்தவர். அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா, யாழ்ப்பாண நகரத்தில் ஆங்கிலம் படித்தவர். அவர் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. 'தீவான்' என்பார். தீவுப் பகுதியாரைத் தாழ்த்த நம்மவர்கள் வைத்திருக்கும் சொல் அது. அப்பா கடல் கடந்து ஜெர்மனியின் எசன் நகருக்கு வந்தார். அந்தச் சொல்லும் கூடவே வந்து சேர்ந்தது.

அகதியாக வந்த அப்பா முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். டொச், அதாவது ஜெர்மன் மொழி வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. நகர நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்து, அகராதியை வைத்துக்கொண்டு தானே படித்தார். அது பசிபிக் போரைப் பற்றிய புத்தகம். அட்டையில் தீவுகள் இருந்தன, அதனால்தான் எடுத்தேன் என்பார்.

அதன்பின் அந்தப் போர் அவரை விடவில்லை. வரைபடத்தில் ஈ உட்கார்ந்த புள்ளி போலத் தெரியும் இடங்களுக்காகப் பெரிய வல்லரசுகள் ஏன் அத்தனை பேரைச் சாகக் கொடுத்தன என்று கேட்டு ஐந்து கொப்பிகள் நிறைய எழுதினார். ஒரு தீவின் பெறுமதி அதன் அளவில் இல்லை, அங்கே விமானம் இறங்க முடியுமா, அங்கிருந்து அடுத்த இடம் எட்டுமா என்பதில் இருக்கிறது என்பது அவர் கண்ட விடை. குவாடல்கனாலில் முடிந்தும் முடியாமலும் கிடந்த ஓர் ஓடுபாதைக்காக மாதக்கணக்கில் அடிபட்டார்கள். சைபானும் தினியானும் கைமாறிய பிறகுதான் பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்கு ஜப்பான் எட்டியது. ரபவுலில் பெரும்படை காத்திருந்தது. அமெரிக்கர் அங்கே இறங்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். கப்பல் வராமல்போன அந்தப் படை, போர் முடியும்வரை தோட்டம் செய்து வயிற்றைக் கழுவியது.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தீவுகளின் பெயரை டொச் எழுத்து முறைப்படியே வாசித்தார். உலகமெல்லாம் 'வேக்' என்று சொல்லும் தீவு அப்பாவுக்கு 'வாக்கே'. மிட்வே அவருக்கு 'மிட்வை'. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய நான் திருத்திப் பார்த்தேன். சிரித்தார், மாற்றவில்லை.

பெரிய மாமாவும் எசனுக்கு வந்திருந்தார், அப்போது நம்மவர் மன்றம் ஒன்றின் தலைவர். வாசித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கொப்பிகளை வாங்கிப் போனார். சில மாதங்களுக்குப் பின் மன்ற ஆண்டு விழாவில், பசிபிக் போரில் தீவுகளின் முக்கியத்துவம் பற்றி மாமா பேசப்போகிறார் என்று அறிவித்தார்கள். அப்பாவும் நானும் இரண்டாம் வரிசையில் இருந்தோம். மாமா தாளைப் பார்த்து வாசித்தார். ஓடுபாதைக் கதை வந்தது, ரபவுல் வந்தது. பிறகு, ஆங்கிலப் பெருமை ஓயாமல் பேசும் அந்த வாய், 'வாக்கே தீவு' என்றது. அடுத்த வரியில் 'மிட்வை' என்றது. சபையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். அப்பாவும் கைதட்டினார். அந்தக் கைதட்டல் இன்றைக்கும் என் காதில் எரிகிறது.

வீட்டுக்குத் திரும்பும் ட்ராமில், எழும்பிக் கேட்டிருக்க வேண்டும் என்று அப்பாவோடு சண்டை பிடித்தேன்.

"விடு பிள்ளை," என்றார். "பலமான தீவைச் சுத்திக்கொண்டு போகோணும். அது தன்ர பாட்டில காஞ்சுபோம்."

காய்ந்துபோகவில்லை. அடுத்த கிழமை கொப்பிகள் ஒரு கடைப் பையில் திரும்பி வந்தன. மூச்சு விட வேண்டிய இடங்களில் மாமா பென்சிலால் கோடு போட்டிருந்தார். அப்பா கண் மூடியபின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வழங்கிய 'கல்வெட்டு' என்னும் நினைவுப் புத்தகத்தில் மாமா முன்னுரை எழுதினார். படிப்பறிவு குறைந்த தம் மைத்துனருக்கு உலக வரலாற்றை ஊட்டியது தாம்தான் என்றார். வந்தவர்கள் அதை வாசித்து என்னிடம் பாராட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தாம் துவைத்த விரிப்புகள் போடப்பட்ட அதே மருத்துவமனையில்தான் அப்பாவின் கடைசி நாட்கள் கழிந்தன. சிறுநீரகங்கள் கைவிட்ட நிலையிலும் தாதியருக்கு டொச்சில் நன்றி சொன்னார். மாமாவைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வாய்க்கவில்லை, அதற்காக நான் வருந்தவும் இல்லை.

ஐந்தாம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அப்பா இப்படி எழுதியிருக்கிறார்: 'எல்லாத் தீவையும் சுற்றிப் போக முடியாது. ஓடுபாதை உள்ள தீவில் இறங்கியே ஆக வேண்டும்.' அப்பாவின் பெயர் இருக்கும் இடம்தான் எனக்கு அந்தத் தீவு. அதில் இன்னொருவர் குடியிருக்கிறார். ஆகவே இறங்குகிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மாமா அவரின் கூடப் பிறந்தவர். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கிழித்திருப்பேன்.

"அவர் என்ர அண்ணைதான்," என்றார் அம்மா. "ஆனா கல்வெட்டில அப்பிடி எழுதேக்க நான் இவற்ர பெண்சாதி எண்டதை அவர் நினைக்கேல்லை. குடு அச்சுக்கு. ஒண்டும் குறைக்காத."

அடுத்து வரும் பக்கங்களில் அப்பாவின் கொப்பிகள் அவர் கையெழுத்திலேயே, பென்சில் கோடுகளோடு வருகின்றன. அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் வாசித்தால் எங்கோ கேட்டது போல இருக்கும். எழுத்துப் பிழை எதையும் நான் திருத்தவில்லை.

இறுதி நாட்களில் அப்பாவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சலவைக்கூடத் தோழர்களுக்கும், முப்பத்தொரு நாளும் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், தொலைவிலிருந்து ரயிலேறி வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரிய மாமாவுக்கும் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். வாக்கே என்பதை வேக் என்று திருத்தாமல், அப்பா எழுதியபடியே அத்தனை பேர் முன்னிலையில் வாசித்ததற்கு.