நாற்பத்தெட்டு நிமிட ஆட்டம்

1986இல் நான் டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் போதகராகத் தங்கி, புதிதாக வந்த நம் அகதிகளிடையே ஊழியம் செய்துகொண்டிருந்தேன். அவர்களில் செல்வம் என்பவர் யாழ்ப்பாணத்தில் தம்பியைப் பறிகொடுத்திருந்தார். ஞாயிறு நான்கு மணிக்கு அவர் வீட்டில் ஜெபம் நடத்த ஒப்புக்கொண்டிருந்தேன்.

அன்று மதியம், உடன் ஊழியரான அமெரிக்கர் ஒருவர் தம் நாட்டுக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்தார். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. தொடக்கம் இரண்டு மணி. பன்னிரண்டு நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். நாற்பத்தெட்டு நிமிடம்தானே என்று கணக்கிட்டுப் போனேன். ஆனால் ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கடிகாரத்தையும் நிறுத்தினார்கள். மூன்றரைக்கு எழுந்திருக்கலாம். முடிவைப் பார்க்கும் ஆசையில் எழவில்லை.

ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வந்தவர்கள் தாங்களே ஜெபித்துவிட்டுக் கலைந்திருந்தார்கள்.

“ஊழியத்தில சுணங்கிப்போச்சு” என்றேன்.

“ஓம் பாஸ்டர், உங்களுக்கு எத்தினை வீடு! முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ” என்றார் செல்வத்தின் மனைவி.

நாட்குறிப்பிலும் ‘ஊழியம்’ என்றே எழுதினேன். மனம் பொறுக்காமல் புதன்கிழமை போய் உண்மையைச் சொன்னேன்.

“ஆர் வெண்டது, பாஸ்டர்?” என்று கேட்டார் செல்வம்.

இரு அணிகளின் புள்ளிகளும் எனக்கு மனப்பாடம். அவருடைய தம்பியின் பெயரைத்தான் நான் அதுவரை கேட்டிருக்கவில்லை.

இப்போது துக்க வீட்டுக்குப் போகும் நாளில் வேறெங்கும் போவதில்லை. இறந்தவரின் பெயரை முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.